வாயிலும் நகத்திலும் லைக்கன் பிளானஸ்: ஸ்லைடைப் பார்க்கும் முறை

லைக்கன் பிளானஸ் என்பது தோல், வாய், நகம் ஆகியவற்றைத் தாக்கும் ஓர் அழற்சி நோய். நோயியல் துறையில் புதிதாகச் சேரும் பி.ஜி. மாணவர்களிடம் நான் முதலில் சொல்வது: வாயிலிருந்தோ நகத்திலிருந்தோ வந்த பயாப்சியில் தோலின் படத்தைத் தேடாதீர்கள். ரம்பப் பல் போல இறங்கும் மேல்தோல், ஆப்பு வடிவில் தடித்த கிரானுலர் அடுக்கு (துகள்கள் நிறைந்த செல் அடுக்கு) எல்லாம் மணிக்கட்டுத் தோலில் அழகாகத் தெரியும். கன்னத்தின் உட்புறத்தில் பெரும்பாலும் அப்படி இருக்காது.

வாய்த் துண்டு என்றால் 4எக்ஸ் லென்ஸில் தொடங்குங்கள். எபிதீலியத்தின் (மேற்பரப்புப் படலத்தின்) அடியை ஒட்டி லிம்போசைட்டுகள் (ஒருவகை வெள்ளணுக்கள்) பட்டையாக நிற்கின்றனவா? பட்டையின் கீழ்விளிம்பு ஓரளவு தெளிவாக இருக்கிறதா? செல்கள் ஆழத்தில் ரத்தக் குழாய்களைச் சுற்றியும் கூடியிருந்து, ஈசினோஃபில்களும் (ஒவ்வாமையில் கூடும் வெள்ளணுக்கள்) கண்ணில் பட்டால் போனை எடுத்து, பயாப்சி அனுப்பிய மருத்துவரிடம் கேளுங்கள்: நோயாளி என்ன மாத்திரை சாப்பிடுகிறார், புண்ணுக்கு நேராகப் பல்லில் வெள்ளி அடைத்திருக்கிறதா என்று. மருந்தாலோ பல் அடைப்பாலோ வரும், லைக்கன் பிளானஸ் போலவே தோன்றும் லைக்கனாய்டு ரியாக்‌ஷனை ஸ்லைடை மட்டும் வைத்துப் பிரிப்பது கடினம்.

அப்புறம் 40எக்ஸ். பேசல் செல்கள் (எபிதீலியத்தின் அடி அடுக்குச் செல்கள்) குமிழிட்டுச் சிதைந்திருக்கும். இளஞ்சிவப்பான சிறு உருண்டைகள் கிடைக்கும். செத்துப்போன கெரட்டினோசைட்டுகளான (எபிதீலியச் செல்களான) சிவாட் உருண்டைகள் இவை. மேற்பரப்புக் கெரட்டினில் நியூக்ளியஸ் மிச்சமிருந்தால் குழம்ப வேண்டாம், வாயில் அது சகஜம். எபிதீலியம் மெலிந்து தட்டையாக இருப்பதும் அப்படித்தான். புண்ணுக்கு அருகே பிளாஸ்மா செல்களும் வரும்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பேசல் செல்களின் நியூக்ளியஸ் பெருத்துக் கறுத்து, மேலடுக்குகளிலும் செல்பிரிவு தெரிந்தால் லைக்கன் பிளானஸ் என்று எழுதாதீர்கள். டிஸ்பிளேசியாவுக்கு (புற்றுநோயாக மாறக்கூடிய செல் மாற்றத்துக்கு) அடியிலும் லிம்போசைட்டுகள் இதே மாதிரி பட்டை கட்டும். வான் டெர் மெய், வான் டெர் வால் இருவரும் 2003இல் திருத்திய, வாய் லைக்கன் பிளானஸை உறுதிசெய்யும் அளவுகோலின்படியும் டிஸ்பிளேசியா இருக்கக்கூடாது. வெற்றிலை, புகையிலை போடுபவர் என்றால் இன்னொரு முறை பாருங்கள்.

வாயில் கொப்புளமோ ஈறு உரிதலோ இருந்தால், புண்ணுக்குப் பக்கத்தில் உரியாத இடத்திலிருந்து தனித் துண்டு ஒன்றை மிஷெல் திரவத்தில் கேளுங்கள். ஃபார்மலினில் போட்டது நேரடி இம்யூனோஃபுளோரசென்ஸுக்கு (திசுவில் படிந்த புரதங்களை ஒளிரவைத்துப் பார்க்கும் சோதனைக்கு) உதவாது. அடித்தளச் சவ்வு நெடுக ஃபைப்ரினோஜன் புரதம் பிசிறு பிசிறாக ஒளிர்வது லைக்கன் பிளானஸுக்குச் சாதகம்.

நகத்தில் கதை வேறு. ஆரம்ப நாட்களில் ஒரு கட்டைவிரல் நக பயாப்சியைப் பார்த்தேன். மேட்ரிக்ஸில் (நகத்தை உருவாக்கும் வேர்ப்பகுதியில்) கிரானுலர் அடுக்கு நேர்த்தியாக இருந்தது. தோலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது இயல்பாகப் பட்டது. 'குறிப்பற்ற அழற்சி' என்று எழுதிவிட்டேன். சில மாதங்கள் கழித்து அந்த நோயாளி திரும்பி வந்தபோது நகமடிப்பு முன்னோக்கி வளர்ந்து நகத்தை இரண்டாகப் பிளந்திருந்தது. இதற்குத்தான் டெரிஜியம் என்று பெயர். இன்னும் எனக்கு அந்த விரல் மறக்கவில்லை.

இயல்பான மேட்ரிக்ஸில் கிரானுலர் அடுக்கே கிடையாது. செல்கள் துகள் இல்லாமலே நகத்தட்டாக மாறும். அங்கே துகள்கள் தெரிந்தால் நிமிர்ந்து உட்காருங்கள். ஆனால் நகமடிப்பின் தோலில் அவை இயல்பாகவே உண்டு. அதனால் முதலில் மடிப்பு எது, மேட்ரிக்ஸ் எது, நகப்படுகை எது என்று அடையாளம் காணுங்கள். துண்டின் எந்த முனை மடிப்புப் பக்கம் என்று மை தடவி அனுப்பச் சொல்லுங்கள், நீளவாக்கில் பதியுங்கள். சாய்வாக வெட்டுப்பட்டால் எதையும் சொல்ல முடியாது. நகத்தட்டை மென்மையாக்காமல் வெட்டினால் பிளேடில் நொறுங்கிவிடும்.

துகள்களை மட்டும் நம்பாதீர்கள், நகச் சொரியாசிஸிலும் வரும். பேசல் அடுக்குச் சேதமும் லிம்போசைட் பட்டையும் கூடவே வேண்டும். பூஞ்சைக்குப் பி.ஏ.எஸ். சாயம் போடாமல் ரிப்போர்ட்டை அனுப்பாதீர்கள்.

மேட்ரிக்ஸில் தழும்பு விழுந்துவிட்டால் நகம் பழையபடி வளராது. அதனால் நக லைக்கன் பிளானஸ் என்று தெரிந்த அன்றே, ரிப்போர்ட் டைப் ஆகும்வரை காத்திராமல், தோல் மருத்துவரைப் போனில் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.