ஃப்ரீ மோஷன் குயில்டிங்: தையல் சீராக வராததற்குக் காரணமான தவறுகள்

“தையல் நீளத்தை 2.5-ல் வைத்துத்தான் தைக்கிறேன், அப்படியும் ஓரிடத்தில் நெருக்கமாகவும் இன்னோரிடத்தில் பல்லிளித்துக்கொண்டும் வருகிறதே” என்று குயில்டிங் (மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என்ற அடுக்குகளைச் சேர்த்துத் தைப்பது) கற்பவர்கள் பலர் குறைப்படுவதுண்டு. சாதாரணத் தையலில் துணியை நகர்த்துவது ஊசித்தட்டுக்கு அடியில் இருக்கும் பற்கள். ஃப்ரீ மோஷனில் அந்தப் பற்களை இறக்கிவிடுகிறோம். அதன்பின் துணியை நகர்த்துவது நம் கைதான், தையல் நீளத் திருகிக்கு வேலையே இல்லை. ஊசி ஒருமுறை குத்தி மறுமுறை குத்துவதற்குள் கை எவ்வளவு தூரம் போகிறதோ, அதுவே தையலின் நீளம்.

கணக்குப் போட்டால் இது தெளிவாகிவிடும். மிஷின் நிமிடத்துக்கு 600 தையல் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 10 குத்து. கை நொடிக்கு ஓர் அங்குலம் நகர்ந்தால், ஒவ்வொரு தையலும் சுமார் 2.5 மில்லிமீட்டர். அதே ஓட்டத்தில் கை இரண்டு அங்குலம் பாய்ந்தால் 5 மில்லிமீட்டர், அரை அங்குலம் ஊர்ந்தால் 1.25. ஆக, மாறக்கூடியவை இரண்டு: மிஷினின் வேகம், கையின் வேகம். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றிக்கொண்டே இருப்பதுதான் முதல் தவறு. வளைவு வந்தால் பெடலை விடுவது, நேர்கோடு வந்தால் அழுத்துவது என்று கால் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் கைக்குப் பிடிமானமே கிடைக்காது. ஒன்றை நிலையாக நிறுத்துங்கள். அது மிஷினாக இருக்கட்டும். வேகக் கட்டுப்பாட்டுப் பொத்தான் இருந்தால் நடுவில் வைத்துவிட்டு, பெடலை முழுதாக அழுத்துங்கள். பொத்தான் இல்லாத மிஷினில் காதை நம்புங்கள். மோட்டார் சத்தம் ஏறாமல் இறங்காமல் ஒரே சுருதியில் கேட்க வேண்டும்.

‘மெதுவாகத் தைத்தால் தப்பாது’ என்பது இரண்டாவது தவறு. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இது நியாயமாகவே படும். ஆனால் ஊசி மிக மெதுவாக இறங்கும்போது, அது துணிக்குள் இருக்கும் நேரமும் கூடுகிறது. நகரும் கைக்கு ஒவ்வொரு குத்திலும் தடை. கை விட்டுவிட்டு நகரும், வளைவுகள் கோணல்மாணலாகும். நடுத்தர வேகத்தில் கோடு தானாகவே வழவழப்பாக வரும். இதற்கு நேரெதிரான தவறு, மிஷின் நிதானமாக ஓடும்போது கையை இழுத்துப் பாய்ச்சுவது. துணியோடு சேர்ந்து ஊசியும் வளைந்து, தட்டில் இடித்து உடைந்துவிடும்.

அதிகக் கவனம் வேண்டிய இடம் வளைவு. கோடு திரும்பும்போது நம்மை அறியாமலே கை வேகமெடுக்கும். ஒரு வட்டம் தைத்துத் துணியைத் திருப்பிப் பாருங்கள். நேர்ப்பகுதியில் தையல் சுத்தமாக இருந்து, வளைவில் மட்டும் மேல்நூல் கண்ணிமை முடிபோலச் சின்னச் சின்ன வளையங்களாக நீட்டிக்கொண்டிருந்தால், குற்றம் பெரும்பாலும் கை வேகத்தில்தான். உடனே டென்ஷனை (நூலின் இறுக்கத்தை) மாற்றத் திருகத் தொடங்காதீர்கள், வளைவில் கையை நிதானப்படுத்துங்கள். கோடு முழுக்க அப்படி இருந்தால் மட்டும் மேல்நூல் டென்ஷனைக் கொஞ்சம் இறுக்கிப் பார்க்கலாம். கூர்முனைகளில் நடப்பது வேறு. இலையின் நுனியில் கை தயங்கி நிற்கிறது, மிஷின் நிற்காமல் குத்துகிறது, அங்கே நூல் முடிச்சாகத் திரள்கிறது. நுனியைத் தொட்டதும் திரும்பிவிடுங்கள்.

நிறுத்துவதிலும் சறுக்கல் உண்டு. கால் பெடலை விட்ட பிறகும் கை அரை நொடி நகர்ந்துவிடும். அங்கே ஒரு நீளத் தையல். கையும் காலும் ஒன்றாக நிற்கப் பழகுங்கள். ஊசி துணிக்குள் இறங்கியே நிற்கும்படி வைத்துக்கொண்டால் கைகளை இடம் மாற்றும்போது துணி அசையாது. நிறுத்தும் இடத்தையும் தேர்ந்தெடுக்கலாம். கோடுகள் சந்திக்கும் இடத்திலோ முனையிலோ நின்றால் கண்ணுக்குத் தெரியாது. வளைவின் நடுவில் நின்றால் அந்தத் தழும்பு அப்படியே இருக்கும்.

கை சரியாக இருந்தும் தையல் தாறுமாறாக வந்தால், மேசைக்குக் கீழே பாருங்கள். குயில்டின் பாரம் ஓரத்தில் தொங்கிக்கொண்டு துணியைப் பின்னுக்கு இழுக்கும். ஒரு பக்கம் தள்ளும்போது சிறு தையல், மறுபக்கம் பெருந்தையல் என்று வந்தால் அநேகமாக இதுதான் காரணம். பாரம் முழுவதையும் மேசைமேல் ஏற்றி, ஊசியைச் சுற்றியுள்ள பகுதியைத் தளர்வாகக் குவித்து வையுங்கள். ரப்பர் பிடிப்புள்ள கையுறை போட்டால் துணியை அமுக்கிப் பிடிக்கத் தேவையில்லை. அமுக்கினால் தோள் இறுகும், தோள் இறுகினால் கை வெட்டிவெட்டி நகரும்.

கண் ஊசியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். எழுதும்போது பேனா முனையையா பார்க்கிறோம்? போகவேண்டிய இடத்தை, ஓர் அங்குலம் முன்னால் பாருங்கள்.

சில மிஷின்களில் ஸ்டிச் ரெகுலேட்டர் இருக்கும். துணி நகரும் வேகத்தை சென்சார் அறிந்து ஊசியின் வேகத்தை அதற்கேற்ப மாற்றும். நல்ல உதவிதான். ஆனால் மிஷினின் உச்ச வேகத்தைத் தாண்டிக் கை ஓடினால் அதனாலும் ஈடுகொடுக்க முடியாது.

தொடங்குமுன் ஃபுட் (ஊசியருகே துணிமேல் இறங்கும் பாதம்) நெம்புகோலை இறக்கிவிட்டோமா என்று பாருங்கள். ஃப்ரீ மோஷன் ஃபுட் துணியை அழுத்தாமல் நிற்பதால் இதை மறப்பது எளிது. இறக்காவிட்டால் மேல்நூலுக்கு டென்ஷனே இருக்காது, அடியில் நூல் கூடு கட்டிவிடும். பாபின் நூலை (அடிநூலை) மேலே இழுத்து, இரண்டு நூல்களையும் பிடித்துக்கொண்டு முதல் சில தையல்களை மிகச் சிறியதாகப் போடுங்கள். பயிற்சிக்கு, நடுவில் பஞ்சு அடுக்கு வைத்த வெற்றுத் துணியில், பளிச்சென்று தெரியும் மாற்று நிற நூல்தான் நல்லது, ஒவ்வொரு தையலையும் அளந்து பார்க்கலாம். நிஜக் குயில்டுக்கு வரும்போது துணியின் நிறத்திலேயே நூலை எடுங்கள்.