இங்கிலாந்து போகும் திருகோணமலைப் பிள்ளைகளுக்கு: ‘சார்ஜ்’ என்ற சொல்லிடம் கவனம்

படிப்புக்காக இங்கிலாந்து போகிற பிள்ளைகள் உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளிப் பக்கமிருந்து என்னிடம் வருவார்கள். அங்கே நெடுங்காலம் இருந்துவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவன் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைப்பு. என்ன ஜக்கெற் வாங்குவது, மிளகாய்த்தூள் எத்தனை கிலோ கொண்டுபோகலாம், பகுதிநேர வேலை கிடைக்குமா என்றெல்லாம் கேட்பார்கள். கார் வாங்கினால் என்ன நடக்கும் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.

கந்தோர்க் காரியங்களை முதலில் முடித்துவிடுகிறேன். விசா இப்போது அட்டையாக வருவதில்லை, இ-விசாதான். இணையக் கணக்கை இங்கிருந்தே திறந்து, பாஸ்போர்ட் இலக்கம் சரியாக இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அங்கே போய்ச் சேர்ந்த கிழமையே பக்கத்து ஜி.பி.யிடம், அதாவது குடும்ப வைத்தியரிடம், பதியுங்கள். வேலை செய்வதென்றால் நேஷனல் இன்சூரன்ஸ் இலக்கம் வேண்டும். வீட்டில் எல்லோரும் முழுநேர மாணவர் என்றால் கவுன்சில் (எங்கள் நகரசபை, பிரதேச சபை மாதிரி) அறவிடும் வரி இல்லை, அதற்குப் பல்கலைக்கழகக் கடிதத்தைக் காட்ட வேண்டும். எங்கள் நாட்டு லைசென்ஸில் அங்கே 12 மாதம் ஓட்டலாம். அதற்குப் பிறகு அவர்களின் பரீட்சையில் தேற வேண்டும், சும்மா மாற்றித் தரமாட்டார்கள். சரி, இதெல்லாம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

நான் சொல்ல வந்தது ‘சார்ஜ்’ பற்றி. இங்கே நாங்கள் போனுக்குச் சார்ஜ் போடுகிறோம், ஓட்டோக்காரரிடம் நிலாவெளிக்கு என்ன சார்ஜ் என்று கேட்கிறோம். பொலிஸ் நிலையத்து ஓ.ஐ.சி.யின் பெயரிலும் அந்தச் ‘சி’ சார்ஜ்தான், பொறுப்பில் இருப்பவர் என்று பொருள். ஹபரணை வீதியில் யானை காதை விரித்துக்கொண்டு ஓடி வந்தால் அதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். அகராதியில் தேடினால் வேர் லத்தீனில் இருக்கிறது: வண்டியில் பாரம் ஏற்றுவது. கார், கார்கோ எல்லாம் அதே குடும்பம். நாங்களும் பற்றரியில் மின் ஏற்றுகிறோம், குற்றத்தையும் பொறுப்பையும் ஒருவர் தலையில் சுமத்துகிறோம். ஆகவே பொருள் விளங்குவதில் கஷ்டமில்லை. எந்த இடத்தில் எந்தச் சுமை என்பதில்தான் ஆட்கள் அகப்படுகிறார்கள்.

நான் அங்கே இருந்தபோது பெரியப்பா ஒருவர் விசிட் விசாவில் வந்து நெஞ்சுநோ என்று ஆஸ்பத்திரியில் படுத்தார். காலையில் ஒரு தாதி வந்து, தான்தான் வார்டின் சார்ஜ் நேர்ஸ் என்று சொன்னார். அது வார்டுக்குப் பொறுப்பான மூத்த தாதியின் பதவிப் பெயர். பெரியப்பா தலையணைக்கு அடியில் கிடந்த பேர்ஸை இன்னும் உள்ளே தள்ளிவிட்டு என்னிடம் மெதுவாக, “தம்பி, காசுக்கு வந்திட்டா போல” என்றார். சிரித்தேன். ஆனால் மனுஷனின் பயம் முழுக்கப் பிழையில்லை. விசிட் விசாவில் வருபவருக்கு அவசர சிகிச்சைப் பிரிவு இலவசம்தான், வார்டில் படுத்தால் வழக்கமான செலவில் 150 வீதம் அறவிடுவார்கள். பெற்றோரைக் கூப்பிடுகிறவர்கள் பயணக் காப்புறுதி எடுக்காமல் கூப்பிட வேண்டாம். உங்களைப் போல நீண்டகால விசாவில் போகிறவர்கள் அந்தக் காசை விண்ணப்பிக்கும்போதே சுகாதாரக் கட்டணமாகக் கட்டிவிடுகிறீர்கள்.

வேலையிடத்திலும் வாயைக் கவனியுங்கள். கவுன்சில் உங்களிடம் தண்டமாக முப்பத்தைந்து பவுண் வாங்கியது என்று சொல்ல நினைத்து, ‘நான் சார்ஜ் பண்ணப்பட்டேன்’ என்று ஆங்கிலத்தில் மொட்டையாகச் சொன்னால், பொலிஸ் உங்கள்மேல் குற்றம் பதிந்துவிட்டது என்றுதான் மனேஜருக்குக் கேட்கும். முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் பிள்ளைக்கு இது விளையாட்டில்லை. தொகையையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் பிரச்சினையில்லை.

அப்புறம் கார். இதைத்தான் கொஞ்சம் ஆறுதலாக வாசிக்க வேண்டும்.

ஊரில் பொலிஸ் மறித்தால் லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டு துண்டு தருவார். தபாற்கந்தோரில் தண்டப்பணத்தைக் கட்டி, பற்றுச்சீட்டோடு போய் லைசென்ஸை எடுப்போம். ஆள் முன்னால் நிற்பதால் கொஞ்சம் கெஞ்சவாவது முடியும். அங்கே பல நேரம் ஆளே இல்லை. கமரா படம் பிடிக்கும், இரண்டு கிழமையில் கடிதம் வரும். கடிதத்தின் தலையில் பி.சி.என். என்று இருக்கும்.

பொறி இங்கேதான். ஒரே மூன்றெழுத்தில் இரண்டு கடிதங்கள் உண்டு. ஒன்று ‘பெனால்ட்டி சார்ஜ் நோட்டீஸ்’. அது கவுன்சிலோ லண்டன் போக்குவரத்துச் சபையோ சட்டப்படி போடுகிற தண்டம். மற்றது ‘பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ்’. சூப்பர்மார்க்கெட் கார் தரிப்பிடத்தை நடத்தும் தனியார் கம்பனி, ஒப்பந்தத்தை மீறினாய் என்று அனுப்புகிற பில். இரண்டும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். தனியார்க்காரர் வேண்டுமென்றே அப்படி அச்சடிக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

என் சின்னம்மாவின் மகன் பழைய ரொயோட்டா ஒன்று வாங்கினான். முதலில் தனியார்க் கடிதம் ஒன்று வந்தது. கோயிலில் கண்ட ஒரு அண்ணை, “அது வெறும் பில் தம்பி, கிழிச்சுப் போடு” என்று சொல்ல, கிழித்தான், ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வாகனம் நிறுத்தக்கூடாத இரட்டை மஞ்சள் கோட்டில் நிறுத்தினான், கவுன்சிலின் கடிதம் வந்தது. எழுபது பவுண், 14 நாளுக்குள் என்றால் பாதி. முப்பத்தைந்தோடு போயிருக்கும். அதையும் கிழித்தான். தொகை ஐம்பது வீதம் கூடி 105 ஆனது, நீதிமன்றத்தில் பதிவானது, கடைசியில் கடன் அறவிடும் ஆள் கதவைத் தட்டினார். முதல் கடிதத்துக்கு 75, வீட்டுக்கு வந்ததற்கு 235 என்று அவருடைய கட்டணம் வேறு. மொத்தம் நானூறைத் தாண்டிவிட்டது.

பையன் என்ன செய்தான் தெரியுமா? குளிரில் நிற்கிறாரே என்று கதவை அகலத் திறந்து, உள்ளே கூப்பிட்டு, கேத்திலைப் போட்டான். எங்கள் வீடுகளில் கடன்காரன் வந்தாலும் தேத்தண்ணி கொடுத்துத்தான் பேசுவோம், அந்த வளர்ப்பு. ஆனால் இப்படியான கடனுக்கு முதல்முறை வருபவர் பலவந்தமாக உள்ளே வர முடியாது. நீங்கள் கூப்பிட்டால் வரலாம், வந்தால் வீட்டுச் சாமான்களைப் பட்டியல் போடலாம். அந்தப் பட்டியலில் கையெழுத்து வைத்துவிட்டு, சொன்ன தவணையைத் தவறவிட்டால் அடுத்த முறை கதவை உடைக்கவும் வழி உண்டு. அந்த மனிதர் தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டு ரீவியையும் லப்டொப்பையும் எழுதிக்கொண்டார். எனக்கு இன்றும் கோபம் அந்த ஆள்மேல் இல்லை, கோயிலில் அறிவுரை சொன்ன அண்ணைமேல்தான். ஆகவே கதவைத் திறக்காமல் யன்னலால் பேசுங்கள். மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. கார் வெளியே நின்றால் சக்கரத்தைப் பூட்டிவிட்டுப் போவார், அதையும் நினைவில் வையுங்கள்.

கடிதம் வந்தவுடன் அனுப்பியவர் பெயரைப் பாருங்கள். கவுன்சில் என்று இருந்தால் 14 நாளுக்குள் பாதியைக் கட்டுங்கள், இல்லையென்றால் அந்த நாட்களுக்குள்ளேயே மறுத்து எழுதுங்கள். கவுன்சில் மறுத்தால் சுயாதீன நியாயசபை இருக்கிறது, அங்கே முறையிடக் காசில்லை. லிமிட்டெட் கம்பனி என்றால் முதலில் கம்பனிக்கே படங்களோடு முறையிடுங்கள், பிறகு அவர்களுடைய சங்கத்தின் முறையீட்டுச் சபைக்குப் போகலாம். கிழிக்கிற வேலை இதற்கும் வேண்டாம். கம்பனி வழக்குப் போட்டு, நீங்கள் பதில் சொல்லாமல் இருந்தால் தீர்ப்பு உங்களுக்கு எதிராக வரும். ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் ஆறு வருடம் உங்கள் கடன் பதிவில் கிடக்கும், வாடகை வீடு எடுப்பதே கஷ்டமாகும். பொலிஸிடமிருந்து வேகக் கமராக் கடிதம் வந்தால் அது முற்றிலும் வேறு சங்கதி. யார் ஓட்டினார் என்று 28 நாளுக்குள் பதில் எழுதியே ஆக வேண்டும்.

டார்ட்ஃபோர்ட்டில் தேம்ஸ் ஆற்றைக் கடக்கிற இடத்தில் ‘டார்ட் சார்ஜ்’ என்று பலகை இருக்கும். மின்சாரக் காருக்குச் சார்ஜ் போடுகிற இடமில்லை அது, ஆற்றைக் கடப்பதற்கான கட்டணம். காசு வாங்கக் கூண்டும் இல்லை, தடையும் இல்லை. காலை ஆறிலிருந்து இரவு பத்து வரை கடந்தால், அடுத்த நாள் நள்ளிரவுக்குள் இணையத்தில் நீங்களாகவே கட்ட வேண்டும்.

இந்தக் கடிதங்கள் எல்லாம் காரின் பதிவுப் புத்தகத்தில் உள்ள விலாசத்துக்குத்தான் போகும். மாணவர்கள் வருடத்துக்கு ஒரு அறை மாறுவார்கள். மாறுகிற அன்றே அந்தப் புத்தகத்திலும் லைசென்ஸிலும் விலாசத்தை மாற்றுங்கள். இரண்டையும் இணையத்திலேயே செய்யலாம், காசு கேட்கமாட்டார்கள். காசு கேட்கிற இணையத்தளம் என்றால் அது அரசாங்கத்துடையது இல்லை, மூடிவிடுங்கள்.