கேரளா போய்வந்த வண்டிக்கு ஃபைன்: நெல்லைக்காரர்கள் செய்ய வேண்டியவை

திருநெல்வேலியிலிருந்து கேரளாவுக்குக் காரிலோ பைக்கிலோ போக இரண்டு வழிகள். ஒன்று நாங்குநேரி, நாகர்கோவில், மார்த்தாண்டம் தாண்டிக் களியக்காவிளை. இன்னொன்று தென்காசி, செங்கோட்டை, புளியரை ஏறி ஆரியங்காவு. எந்தப் பக்கம் எல்லையைக் கடந்தாலும் வேக வரம்பு மாறும், ஃபைன் தொகை மாறும், பிடிக்கிற விதமும் மாறும். போலீஸ்காரர் கைகாட்டி நிறுத்த வேண்டியதில்லை. கேமரா படம் எடுத்த சுவடே தெரியாது. வீடு திரும்பிய பிறகு சலான் (ஃபைன் சீட்டு) வரும். அல்லது வந்தது தெரியாமலே கிடக்கும்.

தெரியாமல் கிடப்பதுதான் உண்மையான சிக்கல். ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாயைக் கட்டிவிடலாம். வண்டியை விற்கப்போகும்போதோ எஃப்சிக்கு (தகுதிச் சான்றுக்கு) நிற்கும்போதோ பழைய கேரளச் சலான் கம்ப்யூட்டரில் தலைகாட்டி வேலை நின்றுபோவதுதான் பெரும்பாடு. "மெசேஜ் ஒன்றும் வரவில்லையே" என்று இருந்துவிடாதீர்கள். மெசேஜ் வராததற்குக் காரணம் பெரும்பாலும் ஆர்சியில் (வண்டியின் பதிவுச் சான்றில்) இருக்கும் செல் நம்பர்.

கிளம்பும் முன்

ஆர்சியில் பதிவாகியிருக்கும் நம்பர் உங்களுடையதுதானா என்று முதலில் பாருங்கள். ஷோரூமில் வண்டி எடுத்த அன்று அங்கிருந்தவர் தன் நம்பரைப் போட்டிருப்பார். செகண்ட் ஹேண்ட் வண்டி என்றால் புரோக்கர் நம்பரோ பழைய ஓனர் நம்பரோ இருக்கும். சலான் மெசேஜ் அந்த நம்பருக்குத்தான் போகும். மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் வாகனச் சேவைகள் பகுதியில் செல் நம்பரை மாற்றும் வசதி இருக்கிறது. வண்டி எண், சேசிஸ் எண், இன்ஜின் எண், பதிவுத் தேதி, பதிவு செல்லும் கடைசித் தேதி ஆகியவற்றை ஆர்சியைப் பார்த்து அப்படியே அடிக்க வேண்டும். ஒரு எழுத்து பிசகினாலும் ஏற்காது. லைசென்ஸுக்கு உள்ள நம்பர் வேறு; அதைச் சாரதி தளத்தில் தனியாக மாற்ற வேண்டும். ஆர்சியே இன்னும் பழைய ஓனர் பேரில் இருந்தால் நம்பர் மாற்றிப் பயனில்லை, பெயர் மாற்றத்தை முடித்துவிட்டுப் பயணம் போங்கள்.

லைசென்ஸ், ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று நான்கையும் அரசின் டிஜிலாக்கர் ஆப்பிலோ எம்பரிவாகன் ஆப்பிலோ வரவழைத்து வைத்துக்கொள்ளுங்கள். சட்டப்படி அவை அசலுக்குச் சமம். வாட்ஸ்அப்பில் வைத்திருக்கும் போட்டோ அப்படி அல்ல. ஆரியங்காவு, தென்மலைக் காட்டுப் பகுதியில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். செங்கோட்டையிலேயே ஆப்பைத் திறந்து வைத்துக்கொள்வதும், ஆர்சி, லைசென்ஸ் கார்டுகளைக் கையோடு கொண்டுபோவதும் நல்லது. ஊரில் பலர் மறந்துபோகும் காகிதம் புகைச் சான்று. அதன் கெடு தேதியைப் பார்த்துவிடுங்கள்.

சபரிமலைக்குப் போகிற வண்டிகளுக்கு ஒரு வார்த்தை. முன்பக்கம் கட்டும் மாலையும் வாழைக்கன்றும் நம்பர் பிளேட்டை மறைத்தால் அதுவே குற்றம். கண்ணாடி முன்னால் தொங்கி டிரைவரின் பார்வையை மறைத்தால் கேரளத்தில் நிறுத்தி அவிழ்க்கச் சொல்வார்கள். சாமி படத்தையும் மாலையையும் நம்பர் பிளேட்டுக்கு மேலே, கண்ணாடிக்குக் கீழே ஒதுக்கிக் கட்டுங்கள்.

மஞ்சள் போர்டு வேன், டாக்ஸி என்றால் கேரளப் பெர்மிட்டும் வரியும் எல்லைக்குப் போகும் முன்பே ஆன்லைனில் முடிந்திருக்க வேண்டும். வெள்ளை போர்டு காரை வாடகைக்கு எடுத்துப் போவது இதைவிட ஆபத்து. பிடிபட்டால் பெர்மிட் இல்லாத வாடகை வண்டி என்று வழக்காகும், வண்டியையும் நிறுத்தி வைக்கலாம். பிறகு குடும்பத்தோடு பஸ் தேட வேண்டியதுதான்.

வேகம்: எல்லையில் மாறும் எண்கள்

நான்கு வழி நெடுஞ்சாலைக்கு மத்திய அரசு 2018ல் வகுத்த உச்ச வேகம் காருக்கு 100, பைக்குக்கு 80. நாங்குநேரி, வள்ளியூர்ப் பக்கம் அந்த வேகத்துக்குக் கால் பழகிவிடும். கேரளம் 2023 ஜூலை 1 முதல் தன் வரம்புகளைத் திருத்தியது. காருக்கு ஆறு வழி தேசிய நெடுஞ்சாலையில் 110, நான்கு வழியில் 100, மற்ற தேசிய நெடுஞ்சாலைகளிலும் எம்சி ரோட்டிலும் (திருவனந்தபுரத்திலிருந்து கோட்டயம் வழியாக அங்கமாலி போகும் சாலை) 90, மற்ற மாநில நெடுஞ்சாலைகளில் 80, பிற சாலைகளில் 70, நகரச் சாலைகளில் 50. பைக்குக்கு அதிகபட்சமே 60 ஆகக் குறைக்கப்பட்டது. ஆக, காவல்கிணறு வரை 80ல் போன பைக் களியக்காவிளை தாண்டி அதே வேகத்தில் போனால் 20 கூடுதல்.

காரில் போகிறவர்கள் மாட்டுவது பெரும்பாலும் அந்த 50ல்தான். பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று கடை வரிசை முடியாமல் ஊர் ஊராக வந்துகொண்டே இருக்கும். எங்கே நகர எல்லை தொடங்கி எங்கே முடிகிறது என்று வெளியூர்க்காரருக்குப் புரியாது. பலகையில் வேறு எண் போட்டிருந்தால் அந்த எண்ணே செல்லும். பலகை கண்ணில் படாத இடத்தில் இருபுறமும் கடைகள் இருந்தால் 50 என்றே வைத்துக்கொள்ளுங்கள். வளைகுடா போகிறவரைத் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் விடக் கடையநல்லூரிலிருந்தும் மேலப்பாளையத்திலிருந்தும் போகிற கார்கள் நேரத்துக்குச் சேர வேண்டிய அவசரத்தில் இருக்கும். ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புவதைத் தவிர அதற்கு வேறு மருந்து இல்லை.

ஸ்பீடோமீட்டர் பெரும்பாலும் உண்மையான வேகத்தைவிடச் சற்றுக் கூட்டியே காட்டும். ஆனால் கம்பெனி அளவைவிடப் பெரிய டயர் மாட்டியிருந்தால் கதை தலைகீழ்: சக்கரம் ஒரு சுற்றுக்குக் கூடுதல் தூரம் ஓடும், மீட்டர் குறைத்துக் காட்டும். 80 என்று நீங்கள் நினைக்கும்போது கேமராவில் 86 விழலாம். கூகுள் மேப்ஸ் காட்டும் ஜிபிஎஸ் வேகத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேமரா எதைப் பார்க்கிறது

கேரளத்தில் 2023 ஜூன் 5 முதல் ஏஐ கேமரா ஃபைன் நடைமுறையில் இருக்கிறது. அந்தத் திட்டத்தின் 726 கேமராக்களில் 675 ஹெல்மெட், சீட் பெல்ட், செல்போன் போன்றவற்றைப் பார்ப்பவை. வேகத்துக்கென்று வைத்தவை மிகச் சில. அதனால் "நான் மெதுவாகத்தானே போனேன்" என்பவருக்கும் சலான் வருகிறது. அதனால் "நான் மெதுவாகத்தானே போனேன்" என்பவருக்கும் சலான் வருகிறது.

அங்கே வேகத்துக்கு 1500 ரூபாய், செல்போனுக்கு 2000, சீட் பெல்ட்டுக்கும் ஹெல்மெட்டுக்கும் தலா 500, பைக்கில் மூவர் போனால் 1000. நம் ஊர்ப் பழக்கத்தில் இரண்டு இடங்களில் வழுக்கும். பைக்கில் பின்னால் உட்காருபவருக்கு ஹெல்மெட் இராது. காரில் முன்சீட்டில் இருப்பவர் பெல்ட் போட மாட்டார். கேமரா இரண்டையும் பார்க்கும். வண்டி அடுத்த கேமராவையும் அப்படியே கடந்தால் இன்னொரு சலான். இருட்டிலும் அகச்சிவப்பு ஒளியில் படம் தெளிவாக விழும். விடியற்காலை விமான நிலையத்திலிருந்து திரும்பும்போது பெல்ட்டைக் கழற்றிவிட்டு முன்சீட்டில் சாய்ந்து தூங்குவது வேண்டாம்.

நிறுத்தினால்

இடது ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்து, கண்ணாடியை இறக்குங்கள். தமிழில் பேசினால் எல்லை மாவட்டங்களில் புரிந்துகொள்வார்கள். நிறுத்தியது போலீஸா மோட்டார் வாகனத் துறையா என்று கவனித்துக்கொள்ளுங்கள். பின்னால் ஆன்லைனில் தேடும்போது இது தேவைப்படும். என்ன குற்றம், எவ்வளவு தொகை என்று கேளுங்கள். லேசர் கன்னில் பிடித்திருந்தால் வேகம் பதிவான படத்தைக் காட்டச் சொல்லிப் பணிவாகக் கேட்கலாம். கார்டோ யுபிஐயோ வைத்து அங்கேயே கட்டினால் மிஷினிலிருந்து வரும் ரசீதைக் கையோடு வாங்குங்கள். ரசீது தராத இடத்தில் பணம் தராதீர்கள். கட்ட விருப்பமில்லை என்றால் சலான் போடச் சொல்லுங்கள், பிறகு கட்டிக்கொள்ளலாம்.

லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டால் அதற்கு எழுத்தில் ஒப்புகைச் சீட்டு தர வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 206ஆம் பிரிவு சொல்கிறது. லைசென்ஸ் திரும்பி வரும்வரை வண்டி ஓட்ட அந்தச் சீட்டே அனுமதி. சீட்டில்லாமல் ஊருக்குத் திரும்ப வண்டி எடுத்தால் வழியில் அடுத்த சோதனையில் காட்ட ஒன்றும் இருக்காது.

ஊர் திரும்பிய பிறகு

கேமரா சலான் 15 நாளுக்குள் அனுப்பப்பட வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021ல் வந்த 167ஏ விதி. அதனால் திரும்பி வந்து இரண்டு வாரம் கழித்து ஒருமுறை, இன்னும் ஒரு மாதம் கழித்து ஒருமுறை நீங்களாகவே தேடிப் பாருங்கள். பரிவாகனின் இ-சலான் தளத்தில் வண்டி எண்ணும், சேசிஸ் அல்லது இன்ஜின் எண்ணின் கடைசி ஐந்து எழுத்துகளும் கொடுத்தால் எல்லா மாநிலச் சலானும் பெரும்பாலும் ஒரே இடத்தில் தெரியும். டிஎன் 72, 76, 79 எதுவானாலும் இடைவெளி விடாமல் அடியுங்கள்.

சலானைத் திறந்ததும் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வண்டியின் நிறம், மாடல், நம்பர், தேதி, நேரம், இடம், வேகச் சலான் என்றால் அளந்த வேகம். எல்லாம் உங்களுடையதுதான் என்றால் கெடு தேதிக்குள் அங்கேயே கட்டிவிடுங்கள். பணம் பிடித்தும் சலான் நிலுவை என்றே காட்டினால் உடனே மறுபடி கட்டாதீர்கள். நிலுவைப் பரிவர்த்தனையைச் சரிபார்க்கும் பகுதி அங்கேயே இருக்கிறது. அதில் பார்த்துவிட்டு ஓரிரு நாள் பொறுங்கள்.

கெடு தாண்டினால் சலான் விர்ச்சுவல் கோர்ட்டுக்கு (ஆன்லைன் நீதிமன்றத்துக்கு) போய்விடும். அப்போது இ-சலான் தளத்தில் பணம் கட்ட முடியாது. விர்ச்சுவல் கோர்ட் தளத்தில் கேரளத்துக்குப் போலீஸ், டிரான்ஸ்போர்ட் என்று இரண்டு துறைகள் தனித்தனியாக இருக்கும். ஒன்றில் இல்லை என்றால் மற்றதில் தேடுங்கள். பலர் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு வழக்கே இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். அங்கே கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகி வழக்கு முடியும். வழக்காட விரும்புகிறேன் என்று தேர்ந்தெடுத்தால் அந்தப் பகுதியின் நேரடிக் கோர்ட்டுக்கு மாறும். நெய்யாற்றின்கரைக்கோ புனலூருக்கோ வாய்தாவுக்கு வாய்தா போய்வர வேண்டும். செய்த தவறுக்கு 500 ரூபாய் ஃபைனை எதிர்த்து அப்படி அலைவது வீண். செய்யாத தவறென்றால் அந்தக் கட்டத்துக்குப் போகும் முன்பே புகார் கொடுப்பதுதான் வழி.

சலான் தவறாக வந்தால்

கேமரா நம்பரைத் தவறாகப் படிப்பது உண்டு. அழுக்குப் படிந்த பிளேட்டில் 8 பி ஆகும், 0 டி ஆகும். வேறு யாரோ செய்த குற்றம் உங்கள் வீட்டுக்கு வரும். அப்போது கட்டவே கட்டாதீர்கள், கட்டினால் ஒப்புக்கொண்டதாகிவிடும். இ-சலான் தளத்தின் புகார்ப் பகுதியில் சலான் எண்ணோடு, உங்கள் வண்டியின் முன்பின் படங்கள், ஆர்சி, அன்றைய ஃபாஸ்டேக் கணக்கு ஆகியவற்றை இணையுங்கள். கொல்லத்தில் சலான் விழுந்த அதே நேரத்தில் நாங்குநேரி டோலில் உங்கள் வண்டி கடந்திருந்தால் அதைவிடப் பெரிய சாட்சி வேறில்லை. புகார் எண்ணைக் குறித்து வையுங்கள்.

வண்டியை இரவல் கொடுத்திருந்தால் சலான் ஆர்சி ஓனருக்குத்தான் வரும். ஓட்டியது யார் என்று கேட்டால் சொல்லும் கடமை ஓனருக்கு உண்டு. குருவாயூர்க் கல்யாணத்துக்கு வண்டி கொடுத்தால் போன தேதியையும் ஓட்டினவர் பெயரையும் எழுதி வையுங்கள்.

இதற்கிடையே பொய்ச் சலான்களும் வருகின்றன. வாட்ஸ்அப்பில் வண்டி நம்பரோடு மெசேஜ் வரும், கீழே ஏபிகே கோப்பு (போனில் ஆப்பை ஏற்றும் கோப்பு) இருக்கும். அதை இறக்கினால் பேங்க் ஓடிபி வேறு யாரோ கைக்குப் போய்விடும். அரசு எந்தச் சலானையும் ஏபிகே கோப்பாக அனுப்புவதில்லை. உண்மையான தளத்தின் முகவரி 'கவ் டாட் இன்' என்றே முடியும். மெசேஜில் உள்ள லிங்கைத் தொடாமல் நீங்களே தளத்துக்குப் போய்ப் பாருங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930க்கு அழையுங்கள்.

பெங்களூரு போகிறவர்களுக்கு

பெங்களூரு டிராஃபிக் போலீஸின் நிலுவையை அவர்களுடைய தளத்திலும் தனியாகப் பாருங்கள். அங்கே ஏதாவது ஒரு சிக்னலில் நிறுத்தினால் பழைய நிலுவை மொத்தமும் மிஷினில் வந்துவிடும். கர்நாடகத்தில் 130க்கு மேல் போனால் 2024 ஆகஸ்ட் 1 முதல் எஃப்ஐஆர் பதிவாகிறது. அது ஃபைனோடு முடியாத விஷயம், வக்கீல் வைத்துக் கோர்ட்டுக்குப் போக வேண்டிவரும். பெங்களூரு–மைசூரு விரைவுச் சாலையில் காருக்கு வரம்பு 100, வழி நெடுகக் கேமரா. 2023 ஆகஸ்ட் முதல் அதன் பிரதான வழியில் பைக்குக்கு அனுமதியே கிடையாது. பைக்கில் போகிறவர்கள் சர்வீஸ் ரோட்டைப் பிடியுங்கள்.