லினக்ஸ் மவுண்ட் ஆப்ஷன்களை நமக்கு வேண்டியபடி அமைப்பது எப்படி?

எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்த ஒரு வட்டை, எந்த வட்டை எங்கே இணைப்பது என்ற பட்டியலான எஃப்எஸ்டேப் கோப்பில் (/இடிசி/எஃப்எஸ்டேப்) சேர்க்கிறீர்கள். வட்டு இணைகிறது, கோப்புகள் திறக்கின்றன, ஆனால் எதையும் சேமிக்க முடியவில்லை. காரணம், அந்த வட்டில் ‘இந்தக் கோப்பு யாருடையது’ என்ற தகவலே கிடையாது. இணைக்கும்போது நாம் சொல்லாவிட்டால் எல்லாம் ரூட் என்ற நிர்வாகப் பயனருக்குப் போய்விடும். அதைச் சொல்லும் இடம்தான் மவுண்ட் (இணைப்பு) ஆப்ஷன். (கட்டளைகளை ஒலிப்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடியுங்கள்.)

படி 1: இப்போது என்ன இருக்கிறது என்று பாருங்கள்

‘எல்எஸ்பிஎல்கே -எஃப்’ என்று அடித்தால் ஒவ்வொரு பார்ட்டிஷனின் ஃபைல் சிஸ்டமும் (எக்ஸ்ஃபேட், இஎக்ஸ்டி4 போன்ற ஃபார்மேட் முறை) யூயூஐடி என்ற தனி அடையாள எண்ணும் தெரியும். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எஸ்டிஏ, எஸ்டிபி போன்ற பெயர்கள் அடுத்த பூட்டில் மாறலாம், யூயூஐடி மாறாது. ‘ஐடி -யூ’ உங்கள் பயனர் எண்ணைக் காட்டும். பல விநியோகங்களில் முதல் பயனருக்கு 1000.

படி 2: ஆப்ஷனை யார் படிக்கிறார்கள்?

கொஞ்சம் நின்று படிக்க வேண்டிய இடம் இது. ஒரே வரியில் காற்புள்ளி போட்டு எழுதினாலும், எல்லா ஆப்ஷன்களும் ஒரே இடத்துக்குப் போவதில்லை.

ஆர்ஓ (படிக்க மட்டும்), நோஎக்செக் (நிரல்களை இயக்கத் தடை), நோசூயிட் (உரிமையாளரின் அதிகாரத்தோடு நிரல் ஓடத் தடை), நோஏடைம் (படித்த நேரத்தைப் பதியாதே) போன்றவை பொதுவானவை. லினக்ஸின் மையமான கெர்னலின் பொது அடுக்கே அவற்றைக் கவனித்துக்கொள்வதால் எந்த ஃபைல் சிஸ்டத்துக்கும் போடலாம். யூஐடி (உரிமையாளரின் பயனர் எண்), எஃப்மாஸ்க் (கோப்பு அனுமதி), டிமாஸ்க் (அடைவு அனுமதி) போன்றவை அந்தந்த ஃபைல் சிஸ்டத்துக்குச் சொந்தம். எக்ஸ்ஃபேட் யூஐடியை ஏற்கும், இஎக்ஸ்டி4 ஏற்காது. உரிமையாளர் விவரம் இஎக்ஸ்டி4 வட்டிலேயே பதிவாகியிருப்பதால் அங்கே உரிமையாளரை மாற்றும் ‘சௌன்’ கட்டளைதான் வழி. மூன்றாவது வகை கெர்னலுக்கே போகாது. நோஃபெயில், ‘எக்ஸ்-’ என்று தொடங்குபவை எல்லாம் மவுண்ட் கட்டளைக்கும், கணினியைத் தொடக்கிவைக்கும் சிஸ்டம்டி போன்ற நிரல்களுக்கும் மட்டும்.

இந்தப் பிரிவினையைக் கண்ணால் பார்க்கலாம். ‘ஃபைண்ட்எம்என்டி -ஓ’ என்று அடித்து, டார்கெட், விஎஃப்எஸ்-ஆப்ஷன்ஸ், எஃப்எஸ்-ஆப்ஷன்ஸ் என்ற மூன்று நெடுவரிசைப் பெயர்களையும் இடைவெளியின்றிக் காற்புள்ளியிட்டுக் கொடுங்கள். பொதுவானவை ஒரு பக்கமும் ஃபைல் சிஸ்டத்துக்கு உரியவை இன்னொரு பக்கமும் பிரிந்து நிற்கும்.

படி 3: வரியை எழுதுங்கள்

எஃப்எஸ்டேப் கோப்பை முதலில் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். அப்புறம் சூடோ (நிர்வாக அனுமதியோடு இயக்கும் கட்டளை) உதவியோடு திறந்து, இப்படி ஒரு வரி சேர்க்கலாம்:

யூயூஐடி=5021-9034 /எம்என்டி/டேட்டா எக்ஸ்ஃபேட் யூஐடி=1000,ஜிஐடி=1000,எஃப்மாஸ்க்=133,டிமாஸ்க்=022,நோசூயிட்,நோஃபெயில் 0 0

யூயூஐடி என்ற சொல்லை மட்டும் பெரிய எழுத்தில் அடியுங்கள். ஜிஐடி என்பது குழு எண். மாஸ்க் என்பது பறிக்கப்படும் அனுமதிகளின் கணக்கு. 777இலிருந்து 133ஐ நீக்கினால் கோப்புகளுக்கு 644, 022ஐ நீக்கினால் அடைவுகளுக்கு 755. கோப்புக்கும் அடைவுக்கும் தனித்தனியாகக் கொடுப்பதே நல்லது. ஒரே யூமாஸ்க் 133 என்று போட்டால் அடைவுக்குள் நுழையவே முடியாது.

ஆப்ஷன்களுக்கு நடுவே இடைவெளி வரக்கூடாது. வந்தால் அடுத்த சொல் ஐந்தாவது புலமாகிவிடும். ‘டீஃபால்ட்ஸ்’ என்ற சொல், வேறு ஆப்ஷன் எதுவும் இல்லாதபோது இடத்தை நிரப்பத்தான், இங்கே தேவையில்லை.

வெளி வட்டு என்றால் நோஃபெயிலைக் கண்டிப்பாகப் போடுங்கள். அது இல்லாமல், வட்டைச் செருகாமல் கணினியை இயக்கினால் சிஸ்டம்டி வழக்கமாக 90 விநாடி காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடுக்குப் போய்விடும். நோஎக்செக்கை மட்டும் பெரிய பாதுகாப்பாக நம்பாதீர்கள். வட்டிலுள்ள ஸ்கிரிப்டை நேரடியாக இயக்குவதைத்தான் அது தடுக்கும். ‘பாஷ்’ என்று முன்னால் போட்டு அதே ஸ்கிரிப்டைக் கொடுத்தால் ஓடும்.

படி 4: பூட் செய்யும் முன் சோதியுங்கள்

இணைக்க வேண்டிய அடைவை உருவாக்கிவிட்டு ‘ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை’ அடியுங்கள். வரியில் உள்ள பிழைகள் பலவற்றை அது சொல்லிவிடும். பிறகு ‘சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்’. வட்டு ஏற்கெனவே இணைந்திருந்தால் ‘யூமவுண்ட்’ செய்த பிறகுதான் ‘மவுண்ட் -ஏ’. இணைந்திருப்பதை மவுண்ட் -ஏ தொடாமல் தாண்டிப்போகும். ஆப்ஷனை மாற்றியும் ஒன்றும் நடக்கவில்லையே என்று பலர் திணறுவது இதனால்தான்.

தவறான ஃபைல் சிஸ்டம், தவறான ஆப்ஷன், பழுதான சூப்பர்பிளாக் என மூன்றையும் ஒரே மூச்சில் அடுக்கும் பிழைச்செய்தி வந்தால் பதற வேண்டாம், வட்டு கெட்டுவிட்டது என்று பொருளில்லை. ‘சூடோ டிமெசேஜ்’ கொடுத்துக் கடைசி வரிகளைப் பாருங்கள். எந்த ஆப்ஷன் பிடிக்கவில்லை என்று பெரும்பாலும் கெர்னல் பெயரோடு சொல்லியிருக்கும். ‘டிமெசேஜ்’ என்பதை டி, எம், இ, எஸ், ஜி என்ற ஐந்து எழுத்தாக அடிக்க வேண்டும்.

படி 5: உங்கள் சொந்த ஆப்ஷன்

எந்த வட்டுகளைக் காப்புப்பிரதி எடுக்க வேண்டும் என்ற பட்டியலை ஸ்கிரிப்டுக்குள் எழுதிவைப்பவர்கள் உண்டு. எனக்கு அதைவிட எஃப்எஸ்டேப்பே பிடிக்கும். வட்டைப் பற்றிய எல்லாமே ஒரே வரியில் இருந்துவிடும். வேண்டிய வரிகளில் ‘எக்ஸ்-பேக்கப்’ என்று சேர்த்துவிட்டு, ஸ்கிரிப்டில் ‘ஃபைண்ட்எம்என்டி --எஃப்எஸ்டேப் -என் -ஓ டார்கெட்’ என்பதோடு, பெரிய எழுத்து ‘-ஓ’ போட்டு ‘எக்ஸ்-பேக்கப்’ கொடுங்கள். சிறிய ‘-ஓ’ நெடுவரிசையைத் தேர்வதற்கு, பெரிய ‘-ஓ’ ஆப்ஷனை வைத்துச் சலிப்பதற்கு. அந்தக் குறி உள்ள அடைவுகள் மட்டும், தலைப்பு வரி இல்லாமல், வரிக்கு ஒன்றாக வரும்.

‘எக்ஸ்-’ முன்னொட்டை விட்டுவிட்டு வெறும் ‘பேக்கப்’ என்று எழுதினால் அது ஃபைல் சிஸ்டத்திடம் போய்ச் சேரும், வட்டு இணையாது. ‘எக்ஸ்-சிஸ்டம்டி’ என்று தொடங்கும் பெயர்கள் சிஸ்டம்டிக்கு உரியவை என்பதால், உங்கள் குறிக்கு வேறு பெயர் வையுங்கள்.