பானையில் இல்லாததைப் பக்கத்தில் வையுங்கள்: ஷ்ரிம்ப் பாயிலுக்கு சைடிஷ்

அமெரிக்காவின் ஹூஸ்டனுக்கு வந்த புதிதில் நான் முதல் தடவை ஷ்ரிம்ப் பாயில் (இறாலையும் காய்களையும் ஒரே பானையில் வேகவைக்கும் விருந்து) போட்டபோது, பானை, அடுப்பு, இறால் என்று ஒரு வாரம் மண்டையைக் குடைந்துகொண்டேன். துணைக்கு என்ன வைப்பது என்று யோசித்தது கடைசி ஒரு மணி நேரம்தான். விருந்து என்றால் நாலைந்து பாத்திரமாவது நிறைந்திருக்க வேண்டும் என்கிற நம் வீட்டுப் பழக்கம் வேறு, எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல், ஒரு பெரிய ட்ரே மாக்கரோனி சீஸ் என்று அடுக்கிவிட்டேன். மேசையில் செய்தித்தாளை விரித்துப் பானையைக் கவிழ்த்ததும் வந்த பன்னிரண்டு பேரும் இரண்டு கையாலும் இறால் உரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். சாதத்தை ஒருத்தர் தொடவில்லை. கையால் சாப்பிடுவது நமக்கொன்றும் புதிதில்லை, ஆனால் இரண்டு கையிலும் மணிக்கட்டு வரை மிளகாய்த் தண்ணீர் வழியும்போது எந்தக் கையால் சாதத்தைப் பிசைவது?

பக்கத்து வீட்டுக்காரர் பக்கத்து மாநிலமான லூசியானா ஆள். பாத்திரங்களைப் பார்த்துவிட்டுச் சிரித்தபடி, சாப்பாடுதான் பானைக்குள்ளேயே இருக்கிறதே, எதற்கு இன்னொரு சாப்பாடு என்று கேட்டார். அன்றிலிருந்து சைடிஷ் விஷயத்தில் நான் கேட்பது ஒரே கேள்விதான்: பானைக்குள் என்ன இல்லை?

இதுவரை சாப்பிட்டிராதவர்களுக்காகச் சொல்கிறேன். காரமும் உப்பும் தூக்கலாகப் போட்ட தண்ணீரைப் பெரிய பானையில் கொதிக்கவிட்டு, முதலில் உருளைக்கிழங்கு, அது முக்கால்வாசி வெந்ததும் புகையூட்டிய சாசேஜும் சோளக்கதிரும், கடைசியில் தோலோடு இறால். இறாலுக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும், அதற்கு மேல் போனால் ரப்பர். பிறகு வடிகட்டி அப்படியே மேசையில் கொட்டுவார்கள், தட்டு கிடையாது. தென் கரோலினா கடற்கரைப் பக்கம் இதை லோகன்ட்ரி பாயில் என்றும் ஃப்ராக்மோர் ஸ்டூ என்றும் சொல்வார்கள். ஃப்ராக்மோர் என்பது செயின்ட் ஹெலினா தீவில் இருக்கும் ஒரு சிற்றூர், பேரில்தான் ஸ்டூ, குழம்பு என்று ஒரு சொட்டுக்கூட இருக்காது.

கரோலினா, லூசியானா இரண்டு ஊர்ப் பாணிக்கும் காரத்தில் வித்தியாசம் உண்டு, சைடிஷ் தேர்வும் அங்கேதான் பிரிகிறது. கரோலினா பக்கம் பெரும்பாலும் ஓல்ட் பே மசாலா. ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த குஸ்தாவ் ப்ரன் என்ற யூதர் 1939இல் பால்டிமோரில் ஆரம்பித்தது. செலரி உப்பு வாசனை முன்னால் வரும், காரம் கொஞ்சம்தான். லூசியானா பக்கம் 1889இல் நியூ ஆர்லியன்ஸில் தொடங்கிய ஜாட்டரான்ஸ் மாதிரியான மசாலாப் பைகள், உள்ளே கடுகு, கொத்தமல்லி விதை, பே இலை, காய்ந்த மிளகாய் (வாசனைக்கு நம் வீட்டு அஞ்சறைப்பெட்டியைத் திறந்த மாதிரியே இருக்கும்). அதற்கு மேல் கேயன் மிளகாய்த்தூளைத் தாராளமாகக் கொட்டி, அடுப்பை அணைத்த பிறகு இறாலை அந்தத் தண்ணீரிலேயே ஊறவும் விடுவார்கள். உதடு எரியும். அதனால் லூசியானா முறையில் சமைத்தால் குளிர்ச்சியான பதார்த்தம் ஒன்று அதிகமாகவே வேண்டும். கரோலினா முறை என்றால் புளிப்பும் ரொட்டியும் இருந்தாலே சமாளித்துவிடலாம்.

சரி, பானைக்குள் என்ன இருக்கிறது? மாவுச்சத்துக்குக் கிழங்கும் சோளமும், கொழுப்புக்கு சாசேஜ், உப்பு, காரம், சூடு. எல்லாமே மெத்தென்று இருக்கும். இல்லாதது நறுக்கென்று கடிபடும் காய், புளிப்பு, குளிர்ச்சி, காரத்தை அடக்கும் பால் வகை. இதோடு என் சொந்த நிபந்தனை ஒன்று: ஒரு கையால், முடிந்தால் கரண்டியே இல்லாமல், எடுத்து வாயில் போட முடிய வேண்டும்.

ஒரே ஒரு சைடிஷ்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் கோல்ஸ்லா செய்யுங்கள், மயோனைஸ் போட்டது இல்லை, வினிகர் போட்டது. அரை முட்டைக்கோஸை, சுமார் அறுநூறு கிராம் இருக்கும், இழை இழையாக நறுக்கி ஒரு டீஸ்பூன் உப்புப் போட்டுப் பிசறி இருபது நிமிடம் விடுங்கள். பிறகு இரண்டு கையாலும் அள்ளிப் பிழிந்தால் தண்ணீர் நிறைய இறங்கும், கோஸ் துவண்டாலும் பல்லில் வைத்தால் மொறுமொறுவென்றே இருக்கும். இந்தப் பிழிதலை விட்டுவிட்டால் பரிமாறும் நேரத்தில் கிண்ணத்தின் அடியில் வெளுத்த தண்ணீர் தேங்கி நிற்கும், நான் இரண்டு முறை அப்படிச் சொதப்பியிருக்கிறேன். பிழிந்ததில் கால் கப் ஆப்பிள் சைடர் வினிகர், ஒரு டேபிள்ஸ்பூன் சர்க்கரை, இரண்டு டேபிள்ஸ்பூன் எண்ணெய், பொடித்த மிளகு, கிடைத்தால் அரை டீஸ்பூன் செலரி விதை. கேரட் துருவல் நிறத்துக்கு. இரண்டு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள், கொழுப்பான சாசேஜைக் கடித்த வாய்க்கு அது கழுவிவிட்ட மாதிரி இருக்கும். உப்பை மட்டும் கடைசியில் ருசி பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள், பானையில் ஏற்கனவே உப்பு அதிகம்.

மயோனைஸ் கோல்ஸ்லா ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், ருசி ஒரு காரணம், வெயில் இன்னொரு காரணம். ஷ்ரிம்ப் பாயில் பெரும்பாலும் கோடையில் வெளியில் வைத்துச் செய்வது. சமைத்த உணவை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள், வெயில் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் என்பது அமெரிக்க விவசாயத் துறையின் அறிவுரை. ஹூஸ்டன் ஜூலையில் 32 டிகிரி என்பது மதியத்துக்குள்ளேயே வந்துவிடும். மயோனைஸ், முட்டை, பால் சேர்ந்தது எதையும் வெளியே வைப்பதென்றால் ஐஸ் நிரப்பிய பெரிய தட்டின் மேல் சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள், தீரத் தீர உள்ளிருந்து கொண்டுவாருங்கள்.

கோல்ஸ்லாவுக்கு அடுத்தது வெள்ளரிக்காய். அமெரிக்கத் தெற்கத்திப் பாட்டிமார் செய்வது: மெல்லிய வட்டமாக அரிந்த வெள்ளரி, வெங்காயம், வினிகர், கொஞ்சம் சர்க்கரை, உப்பு, ஐஸ் தண்ணீர். அவ்வளவுதான். ஜூன் மாதம் லூசியானாவில் இருந்தால் அங்கேயே விளையும் க்ரியோல் தக்காளி சந்தைக்கு வந்திருக்கும், அதைக் கனமான துண்டாக நறுக்கி உப்பும் மிளகும் தூவினால் போதும், வேறு எதுவும் செய்து அதைக் கெடுக்க வேண்டாம்.

இங்கே நான் ஒரு திருட்டு வேலை செய்வதுண்டு. காரத்தைத் தருகிற கேப்சைசின் தண்ணீரில் கரையாது, எத்தனை டம்ளர் குடித்தாலும் எரிச்சல் இடம் மாறுமே தவிரப் போகாது. பாலில் இருக்கும் கேசீன் புரதம்தான் அதை நாக்கிலிருந்து பிடித்து இழுத்துப்போகும். இந்த ஊர்க்காரர்கள் அதற்கு மோரும் மயோனைஸும் கலந்த ராஞ்ச் டிப் வைப்பார்கள், நான் கெட்டித் தயிரில் வெள்ளரிக்காய்ப் பச்சடி வைக்கிறேன். கடுகு தாளிப்பதில்லை, கொத்தமல்லித்தழை மட்டும். பக்கத்து வீட்டுக்காரர் முதலில் சந்தேகமாகப் பார்த்தார், இப்போது சோளக்கதிரையே அதில் முக்கிக் கடிக்கிறார்.

ஒரு கையால் சாப்பிடும் நிபந்தனையில் முழு மதிப்பெண் டெவில்ட் எக்ஸுக்குத்தான். வேகவைத்த முட்டையை நீளவாக்கில் இரண்டாக்கி, மஞ்சள் கருவை மயோனைஸ், கடுகு விழுது, கொஞ்சம் ஊறுகாய்ச் சாறு சேர்த்து மசித்துத் திரும்பவும் குழியில் நிரப்புவது. முந்தின நாளே செய்து மூடி வைத்துவிடலாம். ஆளுக்கு இரண்டு பாதி என்று கணக்குப் போடுவேன், சில சமயம் பற்றாது.

ரொட்டி கட்டாயம் வேண்டும். சாறும் வெண்ணெயும் செய்தித்தாளில் ஓடும்போது அதைத் துடைத்துச் சாப்பிட வேறு வழி இல்லை. நியூ ஆர்லியன்ஸ் பாணி ஃப்ரெஞ்ச் பிரெட் என்றால் மேல்தோல் மெல்லியதாய் நொறுங்கும், உள்ளே பஞ்சு. கடைசிப் பத்து நிமிடம் 180 டிகிரி செல்சியஸ் ஓவனில் சுட வைத்துக் கையால் பிய்த்து வையுங்கள், கத்தி வேண்டாம். கார்ன்பிரெட்டும் பொருந்தும். ஆனால் அதில் சர்க்கரை போடலாமா என்று தெற்கத்திக்காரர் முன்னால் கேட்காதீர்கள், இறால் ஆறிப்போகும் வரை வாக்குவாதம் நடக்கும். ஹஷ் பப்பி ருசியானது, சோளமாவில் வெங்காயம் போட்டுச் சுடும் குட்டி போண்டா என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதைச் சூடாகப் பொரித்துப் போட ஓர் ஆள் எண்ணெய்ச் சட்டி பக்கத்திலேயே நிற்க வேண்டும், பானையையும் நீங்களே பார்ப்பதாக இருந்தால் விட்டுவிடுங்கள். இறால் கேட்கிற அந்த மூன்று நிமிடக் கவனத்தை வேறெதற்கும் தர முடியாது.

தொட்டுக்கொள்ள இரண்டு போதும். ஒன்று காக்டெய்ல் சாஸ்: ஒரு கப் கெச்சப்புக்கு இரண்டு டேபிள்ஸ்பூன் ஹார்ஸ்ராடிஷ், பாதி எலுமிச்சை, வூஸ்டர்ஷைர் சாஸ் சில சொட்டு. ஹார்ஸ்ராடிஷ் என்பது கடுகு மாதிரி மூக்கில் ஏறும் ஒரு வேர், பாட்டிலில் துருவியே கிடைக்கும். இன்னொன்று பூண்டு வதக்கிய வெண்ணெய். மசாலா அதிகம் போட்ட பானை என்றால் வெண்ணெயை உப்பில்லாததாக வாங்குங்கள். ரெமுலாட் (மயோனைஸில் கடுகு விழுது சேர்த்த சாஸ்) செய்யத் தெரிந்தவர்கள் செய்யலாம், எனக்கு அது பொரித்த இறாலுக்குத்தான் சரி என்று படுகிறது.

மூன்றாவதாக ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஹூஸ்டனில் வியட்நாமியக் குடும்பங்கள் நடத்தும் க்ராஃபிஷ் (நன்னீரில் வாழும் இறால் மாதிரியான ஒன்று) கடைகளில் வேகவைத்ததைப் பூண்டு வெண்ணெயில் புரட்டித் தருவார்கள். வியட்நாமியர் கடல் உணவுக்குத் தொட்டுக்கொள்ள உப்பு, மிளகுத்தூள், எலுமிச்சைச்சாறு மூன்றையும் சின்னத் தட்டில் குழைத்து வைப்பதுண்டு. மூன்றே பொருள், அடுப்பே வேண்டாம், இறாலின் இனிப்பை இந்த மாதிரி எடுத்துக்காட்டுகிற சாஸ் வேறு எதுவும் நான் சாப்பிட்டதில்லை. உப்பைக் குறைத்து மிளகைக் கூட்டுங்கள்.

வைக்கக் கூடாதவை? மாக்கரோனி சீஸ், சாதம், பாஸ்தா சாலட், எல்லாம் வயிற்றை அடைக்கிற வேலைதான், ஆயிரக்கணக்கில் ரூபாய்க்கு இறால் வாங்கிவிட்டு மாவைத் தின்று எழுந்திருப்பானேன். இனிப்புச் சாஸில் வேகவைத்த பேக்ட் பீன்ஸ் பலர் வைக்கிறார்கள், கரண்டி தேவைப்படுகிற இனிப்புப் பண்டம் அந்த மேசையில் எனக்கு ஒட்டவில்லை. உருளைக்கிழங்கு சாலட் பற்றி லூசியானாவில் வாயைத் திறந்தால் அடி விழும், அவர்களுக்கு அது இல்லாமல் விருந்தே கிடையாது. ஆனாலும் பானையிலேயே கிழங்கு இருக்கும்போது இன்னொரு கிண்ணக் கிழங்கு எதற்கு என்பதுதான் என் கட்சி.

பழத்துக்குத் தர்பூசணி. வேறு யோசிக்கவே வேண்டாம். தோலோடு முக்கோணமாக வெட்டினால் தோலே கைப்பிடி. முந்தின இரவே ஃப்ரிட்ஜுக்குள் தள்ளிவிடுங்கள், அறைச் சூட்டில் இருக்கும் தர்பூசணியால் ஒரு பிரயோஜனமும் இல்லை. பிறகு இனிப்பு வேண்டுமென்றால் ஜார்ஜியா, கரோலினா பக்கத்துப் பீச் காப்ளரோ (பீச் பழத்தின் மேல் மாவு போட்டுச் சுடுவது) வாழைப்பழப் புட்டிங்கோ வைக்கலாம், யாராவது என்ன கொண்டுவரட்டும் என்று கேட்டால் இதைச் சொல்லுங்கள். குடிக்க ஐஸ் போட்ட டீ, எலுமிச்சைச்சாறு, பெட்டி நிறைய பீர்.

அளவு: பத்துப் பேருக்குத் தோலோடு இறால் குறைந்தது ஐந்து பவுண்டு, அதாவது இரண்டே கால் கிலோ, தலையோடு வாங்கினால் அதற்கு ஒன்றரை மடங்கு. இதற்கு ஒரு முழு முட்டைக்கோஸ் கோல்ஸ்லா, இரண்டு நீள ரொட்டி, ஒரு டஜன் முட்டை, ஒரு கிண்ணம் பச்சடி, இரண்டு சாஸ், ஒரு தர்பூசணி. இதற்கு மேல் செய்தால் மிச்சம்தான். சாஸ், முட்டை, தர்பூசணி முந்தின நாள் வேலை. கோஸும் வெள்ளரியும் அன்று மதியம். பானையைப் பற்றவைத்த பிறகு ரொட்டியைத் தவிர வேறு எதையும் தொடாதீர்கள். மேசையில் இரண்டு இடத்தில் பேப்பர் டவல் சுருள், தோல் போடக் காலி வாளி, கை தேய்க்கப் பாதி எலுமிச்சைகள்.

பானையில் ஆளுக்கு ஒரு கிழங்கு கூடுதலாகவே போடுங்கள். மிஞ்சுகிற கிழங்கு அத்தனை மசாலாவையும் குடித்திருக்கும், அன்று இரவே மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, மறுநாள் காலை மிச்சமிருக்கும் டெவில்ட் எக்ஸையும் சேர்த்து மசித்து, கொஞ்சம் வெங்காயத்தாள் நறுக்கிப் போட்டு, அடுக்களையில் நின்றபடியே சாப்பிடுவேன். உருளைக்கிழங்கு சாலட் வேண்டாம் என்று மேலே சொன்னது விருந்து மேசைக்கு மட்டும்தான்.