எம்.டி. படிப்புக்கு எந்தப் புத்தகம்? என் அனுபவம்

சேலத்தில் பொது மருத்துவ எம்.டி. முதலாண்டில், ஹாரிசன் என்ற தடித்த பொது மருத்துவப் பாடநூலை முதல் அத்தியாயத்திலிருந்து தினமும் படித்தும், ரவுண்ட்ஸில் (பேராசிரியர்கள் வார்டில் நோயாளிகளைச் சுற்றிப் பார்க்கும்போது) கேட்ட கேள்விகளுக்குப் பதில் வரவில்லை. சீனியர் அண்ணன் தந்த பட்டியலிலிருந்த நூல்களை வாங்கியும் பயனில்லை; ஒரு மாதம் வீணானது.

பிறகு, ஏற்காட்டுக் காபித் தோட்டத்தில் கண்ணாடிவிரியன் கடித்த ஒருவர் வந்த இரவில், பாம்புக்கடி என்ற ஒரே தலைப்பை எல்லா நூல்களிலும் ஒப்பிட்டேன். விஷத்தால் இரத்தம் உறையாமல் போயிருக்கிறதா என்று அறிய, 2 மில்லி இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைக்கும் உறைவுச் சோதனை பலவற்றில் இருந்தது. ஆனால் சோப்புத்தூளில் கழுவிய குழாயில் நல்ல இரத்தமும் உறையாமல் போகலாம் என்ற எச்சரிக்கை, நான் ஒதுக்கியிருந்த மெல்லிய இந்திய வழிகாட்டியில் மட்டுமே இருந்தது.

அன்றிலிருந்து, வார்டில் பார்த்த நோயை மூன்று நூல்களில் தேடி, படுக்கையருகே செய்யவேண்டியதைத் தெளிவாகச் சொல்வதை முதலில் படிக்கிறேன். காரணம் அறிய மட்டும் ஹாரிசனைத் திறக்கிறேன்.