நாயோடு மலையேறப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

சாவன்துர்கா, மாகளிதுர்கா, ஸ்கந்தகிரி, சிவகங்கை என்று பெங்களூரைச் சுற்றி அரை நாளில் ஏறி இறங்கக்கூடிய குன்றுகள் நிறைய. வீட்டில் நாய் இருந்தால் அதையும் கூட்டிப்போக ஆசை வருவது இயல்புதான். ஆனால் சனி இரவு முடிவெடுத்து ஞாயிறு விடியுமுன் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பும் பயணங்களில் நாய்க்கும் ஆபத்து, காட்டுக்கும் ஆபத்து. களைத்தாலும் நாய் உங்கள் பின்னால் வந்துகொண்டேதான் இருக்கும். போதும், திரும்பலாம் என்று முடிவெடுக்க வேண்டியவர் நீங்கள்.

அனுமதி கேட்காமல் கிளம்புவது

தேசியப் பூங்கா, வனவிலங்குச் சரணாலயம் இரண்டுக்குள்ளும் வளர்ப்பு நாயை அழைத்துப்போகக் கூடாது. பன்னேர்கட்டா தேசியப் பூங்கா, காவிரி வனவிலங்குச் சரணாலயம், ராமநகராவின் ராமதேவர பெட்டா கழுகுச் சரணாலயம் எல்லாம் இதில் அடங்கும். ஓசூர் தாண்டி அஞ்செட்டிப் பக்கம் போனால் கட்டுப்பாடு குறைவு என்று நினைப்பவர்கள் உண்டு. அங்குள்ள காடுகளில் பெரும்பகுதி காவிரி வடக்கு (2014), காவிரி தெற்கு (2022) சரணாலயங்களாக அறிவிக்கப்பட்டவை.

மற்ற குன்றுகளில் பலவும் வனத்துறையின் காப்புக்காடுகள். ஆன்லைனில் எடுக்கும் டிரெக்கிங் டிக்கெட் ஆளுக்குத்தான். அதை நாய்க்கும் சேர்த்த அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பகுதி வனச்சரக அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். இல்லை என்றால் அந்த மலையை விட்டுவிடுங்கள். வேலி வழியாக நுழைவதோ, நாயைக் காருக்குள் பூட்டிவிட்டு ஏறுவதோ கூடவே கூடாது. நிழலில் நின்றாலும் மூடிய கார் சில நிமிடங்களிலேயே கொதிக்கும்.

இந்தத் தடைக்கு வலுவான காரணம் உண்டு. நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் வைரஸ் செந்நாய், நரி, சிறுத்தை போன்றவற்றையும் தாக்கும். 2018-ல் குஜராத்தின் கிர் காட்டில் சில வாரங்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோது, அவற்றில் பலவற்றிடம் இதே வைரஸ் கண்டறியப்பட்டது. தடுப்பூசி போட்ட நாயாக இருந்தாலும் அதன் வாடையும் குரைப்பும் தரையில் கூடு கட்டும் பறவைகளையும் மானையும் விரட்டிவிடும்.

“என் நாய் கூப்பிட்டால் வந்துவிடும்” என்று லீஷைக் கழற்றுவது

பூங்காவில் கூப்பிட்டதும் ஓடி வரும் நாய், முயல் ஒன்று குறுக்கே ஓடினால் உங்கள் குரலைக் கேட்காது. அதைவிடப் பெரிய ஆபத்து கரடியும் யானையும். லீஷ் இல்லாத நாய் புதருக்குள் போய்க் குரைக்கும்; விலங்கு சீறித் துரத்தும்; நாய் பயந்து நேராக உங்களிடமே ஓடி வரும். பின்னாலேயே கரடி. ராமநகரா, சாவன்துர்கா பக்கம் பாறை இடுக்குகளும் லேன்டானா புதர்களும் கரடிக்கு நல்ல மறைவிடம். சிறுத்தைக்கோ நாய் பழகிய இரை.

லீஷ் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் நீளமுள்ள சாதாரண நைலான் பட்டையாக இருக்கட்டும். இழுத்தால் நீளும் லீஷ் மலைக்கு ஆகாது: மெல்லிய கயிறு புதரில் சிக்கும், சட்டென்று இழுத்தால் கையை அறுக்கும், ஐந்து மீட்டர் தள்ளி நிற்கும் நாயை உடனே பக்கத்தில் கொண்டுவரவும் முடியாது. லீஷைக் கழுத்துக் காலரில் மாட்டாதீர்கள். பாறையில் கால் வழுக்கினால் முழு எடையும் தொண்டையில் இறங்கும். மார்பில் ஆங்கில ‘ஒய்’ எழுத்து வடிவில் வரும், முதுகில் பிடி உள்ள ஹார்னஸ்தான் சரி. பட்டைக்கும் உடலுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். காலரில் போன் எண் பொறித்த தகடு போதும்.

ஏறும் நேரத்தை மட்டும் கணக்கிடுவது

பெங்களூர் குன்றுகளில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். காலை ஏழு மணிக்குப் பாறை ஜில்லென்று இருக்கும், நாயும் துள்ளிக்கொண்டு ஏறும். உச்சியில் படம் எடுத்து, சாப்பிட்டு, பத்தரைக்கு இறங்கத் தொடங்கினால் அதே கருங்கல் சுடுகல்லாகியிருக்கும். சாவன்துர்காவில் நெடுந்தூரம் மரநிழல் இல்லாத வெறும் பாறைச் சரிவு. டைல்ஸ் தரையிலேயே வளர்ந்த நாயின் உள்ளங்கால் மெத்தென்று இருக்கும். சூட்டில் கொப்பளித்துத் தோல் உரிந்துவிடும். புறங்கையைப் பாறையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் வைக்க முடியவில்லை என்றால் நாயாலும் நடக்க முடியாது. இறங்கும்போதும் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும்.

அதற்காக அதிகாலை மூன்று மணிக்கு டார்ச் வெளிச்சத்தில் சூரிய உதயம் பார்க்க ஏறுவதும் நாயோடு வேண்டாம். அது சிறுத்தையும் கரடியும் நடமாடும் நேரம். வெளிச்சம் வந்தபின் ஆறரை வாக்கில் தொடங்கி, எந்த இடத்தில் இருந்தாலும் எட்டு மணிக்குத் திரும்பி, ஒன்பதரைக்குள் அடிவாரம் வந்துவிடுங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். மார்ச் முதல் மே வரை குன்றுகளை மறந்துவிடுவது நல்லது.

நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது; இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். பக், ஷி ட்சூ, பாக்ஸர், பிரெஞ்ச் புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களால் அதையும் சரியாகச் செய்ய முடியாது. அவற்றை மலைக்கே கூட்டிப்போகாதீர்கள். ஒன்றரை வயதுக்கு உட்பட்ட பெரிய ரக நாய்களும் செங்குத்தான ஏற்றத்தில் ஏறக் கூடாது, எலும்பு வளர்ச்சி முடிந்திருக்காது.

நாக்கு அகன்று தொங்குவது, எச்சில் கெட்டியாவது, ஈறு செக்கச்செவேலென ஆவது, நடை தள்ளாடுவது எல்லாம் வெப்பத்தாக்கின் அறிகுறிகள். நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ்; 41-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. கிடைக்கும் நிழலுக்குக் கொண்டுபோய், கையிலுள்ள தண்ணீரை உடல் முழுக்க, முக்கியமாக வயிற்றிலும் தொடை இடுக்கிலும் ஊற்றி விசிறுங்கள். குளிர்விப்பது முதலில், காரில் ஏற்றுவது அடுத்து. பலரும் செய்வதுபோல் ஈரத் துண்டைப் போர்த்தி வைத்தால் சூடு உள்ளேயே தங்கும். மயங்கிய நாயின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

நம் பாட்டிலிலேயே சமாளித்துவிடலாம் என்ற எண்ணம்

20 கிலோ நாய் வீட்டில் இருந்தாலே ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கும். மூன்று மணி நேர நடைக்கு அதற்கென்று ஒன்றரை லிட்டரும், மேலே ஊற்ற இன்னொரு லிட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நின்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பாறைக்குழியில் தேங்கிய தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள், எலிக்காய்ச்சல் வரும். ரேபிஸ், டிஸ்டெம்பர் தடுப்பூசிகளோடு எலிக்காய்ச்சல் தடுப்பூசியும் ஆண்டுதோறும் போட்டிருக்க வேண்டும்.

கிளம்புவதற்கு முந்தைய மூன்று மணி நேரத்தில் வயிறு நிறையச் சோறு வைக்காதீர்கள். ஜெர்மன் ஷெப்பர்ட், டாபர்மேன் போன்ற ஆழ்ந்த மார்புள்ள நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து அதிகம். மலத்தைப் பையில் எடுத்து ஊருக்கே கொண்டுவாருங்கள்.

தூக்கி வர வழி இல்லாமல் போவது

28 கிலோ லேப்ரடாரை ஒருவர் தூக்கிக்கொண்டு பாறையில் இறங்க முடியாது. இரண்டு பெரியவர்களாவது போக வேண்டும். பையில் கெட்டியான போர்வை ஒன்று இருந்தால் தூளியாகப் பிடித்து இறக்கலாம். பாம்பு கடிக்கும்போது இது உயிரைக் காக்கும். பெரும்பாலும் மூக்கிலோ முன்னங்காலிலோதான் கடிபடும். கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் செய்யாமல், நடக்க விடாமல் தூக்கி வாருங்கள். மனிதர்களுக்குப் போடும் அதே விஷமுறிவு மருந்துதான் நாய்க்கும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் அது கேட்கும். எந்தக் கால்நடை மருத்துவமனையில் இருப்பு உள்ளது என்று கிளம்புமுன்பே போனில் கேட்டு வையுங்கள். வலிக்கிறதே என்று பாராசிட்டமாலோ ஐபுபுரூஃபனோ கொடுக்காதீர்கள், இரண்டும் நாய்க்கு நஞ்சு.

வீட்டுக்கு வந்ததும் அப்படியே விட்டுவிடுவது

காதின் உள்மடிப்பு, விரலிடுக்கு, அக்குள், காலருக்கு அடியில், வாலடி என்று விரலால் தடவி உண்ணி தேடுங்கள். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய் தடவுவதும் நகத்தால் நசுக்குவதும் தவறு. ஷிவமொக்கா, சிக்கமகளூரு மலைநாட்டுக் காடுகளுக்கு டிசம்பர் முதல் மே வரை நாயோடு போகவே வேண்டாம். 1957-ல் முதலில் அறியப்பட்ட கியாசனூர் காட்டு நோயை மனிதர்களுக்குப் பரப்பும் உண்ணிகள் அங்கே பெருகும் காலம் அது.

உண்ணி கடித்து நாய்க்கு வரும் காய்ச்சல் உடனே தெரியாது. ஒன்று முதல் மூன்று வாரம் கழித்து நாய் சாப்பிட மறுத்தாலோ, ஈறு வெளுத்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ, சிறுநீர் காபி நிறத்தில் போனாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். எந்த மலைக்கு, எந்தத் தேதியில் போனீர்கள் என்று அவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். ரத்தத்தில் எதைத் தேடிப் பரிசோதிக்க வேண்டும் என்பதை அவர் அதை வைத்துத்தான் முடிவுசெய்வார்.